இருநூற்று நாற்பது

மேட்டூரை ஜூன் பன்னிரண்டில் திறந்து
ஜனவரி இருபத்தெட்டில் மூடினால்
இருநூற்று முப்பத்தோரு நாள்.
அதுவும் ஒழுங்காகத் திறந்த வருஷத்தில்.
சட்டம் கேட்பது இருநூற்று நாற்பது.
ஒன்பது நாள் குறைவதால்
காவிரிக்குக் கிராஜுவிட்டி கிடையாது.

நீடாமங்கலம் கேட்டில் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
சரக்கு ரயிலுக்கு என்ஜினைக் கழற்றி மாட்டும்வரை
இப்படி எதையாவது கூட்டிக்கொண்டிருப்பேன்.
அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவள்
வேறென்ன செய்வாள்.

நேற்று முதலாளி கூப்பிட்டார்.
"பாய்லர் பக்கிரிசாமிக்கு வயசாயிடுச்சும்மா.
இந்த வாரத்தோட நிறுத்திடு,
அஞ்சு வருஷம் ஆகறதுக்குள்ள."
கடைசி வரியை மட்டும் தாழ்த்திச் சொன்னார்,
ஈரப்பதம் பதினேழைத் தாண்டிய நெல்லுக்கு
விலை சொல்கிற குரலில்.

கெட்டவர் இல்லை.
போன ஐப்பசியில் பக்கிரிசாமிக்குக் கண் ஆபரேஷன்;
மன்னார்குடிக்குத் தன் காரிலேயே அனுப்பினார்.
தருமம் என்றால் நீளும் கைதான்,
பாக்கி என்றால் மடங்கிக்கொள்கிறது.

சேரும்போது வயது கேட்டேன்.
"நீங்க போடறதுதான்" என்றார் பக்கிரிசாமி.
ஆதாரில் ஜனவரி ஒன்று.
இந்தப் பக்கம் பாதிப் பேர்
அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறார்கள்.
ஐம்பத்தாறு என்று எழுதினேன்.
ஐம்பத்தெட்டு முடிந்ததும்
பென்ஷன் பங்கு நின்றது.
பி.எப். நிற்காது என்று சொல்ல
முதலாளியிடம் மூன்று முறை போனேன்.
கண் ஆபரேஷனுக்குப் பிறகு
ராத்திரி ஏணி வேண்டாம், பகலில் போடுங்கள் என்றேன்.
"அப்ப சம்பளத்தைக் குறைக்கலாமா?"
கூடாது சார்.
"உனக்கு யாரும்மா சம்பளம் தர்றா?"
நீங்கதான் சார்.

வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன்.
மேட்டூர் திறந்த வாரத்தில் சேர்ந்தவர்.
ஐந்தாம் வருஷத்தில் இன்றுவரை
வந்த நாள் நூற்றுத் தொண்ணூற்றைந்து.
கூலியோடு விட்ட வார விடுமுறை முப்பத்து மூன்று.
கண்ணுக்குப் போன பதினொரு நாள் கூலியில்லை,
அதைச் சேர்க்கவில்லை.
இருநூற்று இருபத்தெட்டு.
பன்னிரண்டு நாள் குறைகிறது.
பேனாவை வைத்துவிட்டேன்.

டீ வந்தது. ஆறியது.
உமித் தூசு பதிவேட்டில் படிந்துகொண்டிருந்தது.
துடைத்தபோது கார்த்திகைப் பக்கம் திறந்தது.
வெண்ணாறு களத்துக்குள் வந்து
பாய்லர் அடியில் உட்கார்ந்த பதினாலு நாள்.
மில் மூடியிருந்தது.
அவர் போட்ட விடுப்பு இல்லை அது;
வேலை கொடுக்க முடியாமல் போனது நாம்.
அந்த நாளும் அவர் கணக்கில்தான்.

இருநூற்று நாற்பத்திரண்டு.

இரண்டு நாளாகத் தாண்டி நிற்கிறார்,
நெல் அவிகிற ஆவிக்குள்,
தனக்கே தெரியாமல்.
ஆறு தன் கணக்கில் குறைந்ததை
இங்கே வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மாதம் பதினைந்தாயிரத்து அறுநூறு.
இருபத்தாறால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி,
ஐந்து வருஷம்:
நாற்பத்தையாயிரம்.
தாளை மேஜையில் வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தார்.
"வயசானவனை வேலைக்கு எடுத்தா இவ்வளவா?"
வயசுக்கு இல்லை சார். நாளுக்கு.
முப்பது வயசுக்காரனுக்கும் இதே கணக்குதான்.
கையெழுத்தும் போடவில்லை, கிழிக்கவும் இல்லை.
டம்ளரைத் தாள்மேல் வைத்துவிட்டு
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
எடுத்துப் பார்த்தால் தொகைக்கு வலப்பக்கம்
ஈர வளையம்,
ஒரு சுழி கூடினாற்போல.

பக்கிரிசாமி எட்டிப் பார்த்தார்.
"சார் ஏதாச்சும் சொன்னாரா?"
இன்னும் இல்லை.
"வெள்ளத்துல மூடினமே, அதுக்குக் கோவமா?
நான் அப்பவும் வந்தேன்மா.
கேட்டுதான் பூட்டியிருந்துது."

இன்று காலை அவர் பெயருக்கு நேராக
வருகைக் குறி போட்டுவிட்டு
ஓரத்தில் இருநூற்று நாற்பத்து மூன்று
என்று பென்சிலில் எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து
மேலேயே பேனாவில்.